பால்போச்சி முதல் பேணி வரை: பிள்ளைக்கு ஊட்டும் சாமான்களை வாங்குவதும் கழிப்பதும்

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே ஒரு காட்போட் பெட்டி கிடந்தது. மகளுக்கு 6 மாதம் ஆகப்போகும் நேரம், மூத்தவனின் கோப்பை கரண்டி ஏதும் கிடைக்கும் என்று அதை இழுத்துத் திறந்தேன். உள்ளே 11 பால்போச்சி (பால் குடிக்கும் போத்தல்). நாலுக்கு மூடி இல்லை. சூப்பிகளைத் தொட்டால் விரலில் பிசுபிசுத்தது. புளித்த பால் மணமும் கரப்பான் மணமும் சேர்ந்து அடித்தது. தேடிய கோப்பையைக் காணவில்லை.

மூத்தவன் போச்சியில் குடித்ததே மொத்தம் 5 மாதம்தான். நான் காசு கொடுத்து வாங்கியவை 3. மற்றதெல்லாம் பிள்ளை பிறந்த முப்பத்தொன்றுக்கு வந்தவர்கள் கொண்டுவந்தது, கனடாவிலிருந்து பெட்டியில் வந்தது, "இது நல்லதாம்" என்று யாரோ தந்தது. அன்றைக்கு அந்தப் பெட்டியைக் கொட்டித் துப்புரவாக்கிய பிறகு, மகளுக்கு வேறு மாதிரிச் செய்தேன். அந்த முறையைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: கடைக்குப் போக முதல் எண்ணுங்கள்

பிள்ளை பிறக்க முதல் சாமான் வாங்கக்கூடாது என்று மாமி சொன்னபோது உள்ளுக்குள் சிரித்தேன். அவர் சொன்ன காரணம் எனக்கு இப்போதும் உடன்பாடில்லை, ஆனால் வாங்காமல் இருந்தது நல்லதுதான். பிறந்து ஒரு மாதம் போனால்தான் உங்கள் பிள்ளைக்கு எது வேண்டும் என்று தெரியும்.

ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரிசை போடுங்கள்: வீட்டில் இருப்பது, சொந்தக்காரரிடம் சும்மா கிடப்பது, வாங்கவேண்டியது. இரண்டாவது வரிசைக்கு நாலு பேருக்குத் தொலைபேசி எடுத்தால் போதும். எந்த வீட்டிலும் ஒரு பிள்ளைக் கதிரை விறாந்தை மூலையில் துணி காயப்போட உதவிக்கொண்டிருக்கும்.

"என்ன வாங்கிக்கொண்டு வர?" என்று கேட்பவர்களிடம் "ஒண்டும் வேண்டாம், நீங்கள் வந்தாலே போதும்" என்று சொல்லும் பழக்கம் எங்களுக்கு உண்டு. அப்படிச் சொன்னால் நாலாவது போச்சி செற் வரும். நெருங்கியவர்கள் கேட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள்: "மூடி போட்ட எவர்சில்வர் பேணி ரண்டு வாங்கி வாங்கோ அக்கா." அவர்களுக்கும் தலையிடி குறைவு.

படி 2: முதல் 6 மாதம்

தாய்ப்பால் கொடுக்கிறீர்கள், பிள்ளையோடு வீட்டில் இருக்கிறீர்கள் என்றால் இந்தக் காலத்தில் ஊட்டுவதற்கு ஒரு சாமானும் தேவையில்லை. தண்ணீரும் வேண்டாம். சித்திரை வெயிலில் "பிள்ளைக்கு நா வறளுது, ரண்டு கரண்டி தண்ணி குடு" என்று அம்மம்மா நிற்பார். தாய்ப்பாலில் 100க்கு 87, 88 பங்கு தண்ணீர்தான் என்று சொல்லிப் பாருங்கள். கேட்கமாட்டார், ஆனாலும் சொல்லுங்கள். வெயில் நேரத்தில் இன்னும் இரண்டு தரம் பால் கொடுத்தால் சரி.

வேலைக்குப் போகும் தாய்க்கு நிலைமை வேறு. 84 நாள் பிரசவ லீவு முடிய, பாலை எடுத்து வைத்துவிட்டுப் போகவேண்டும். அதற்குத் தேவை: மூடியுள்ள சிறிய கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரம் மூன்று நாலு, விளிம்பு மெல்லிய சின்னப் பேணி ஒன்று. கையால் பால் எடுக்கக் கிளினிக்கிலே சொல்லித் தருவார்கள். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது கேட்டாலும் காட்டுவார். நாள் முழுக்கக் கந்தோரில் இருப்பவருக்குப் பால் எடுக்கும் மின்சாரப் பம் உதவும். அரை நாள் என்றால் கைப்பம் போதும், அல்லது கையே போதும். ஒரு மாதம் கையால் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எடுத்த பால் 25 பாகை வெப்பநிலையில் 4 மணித்தியாலம் இருக்கும் என்று கணக்கு. எங்கள் ஊரில் எந்த வீட்டு அறை 25 பாகையில் இருக்கிறது? ஆகையால் எடுத்தவுடன் குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் வையுங்கள், கதவுத் தட்டில் வேண்டாம். அங்கே 4 நாள் வரை வைக்கலாம். நீண்ட நேரம் மின்சாரம் நின்று பெட்டி குளிர் விட்டுவிட்டால் அந்தக் கணக்கும் இல்லை.

அந்தப் பாலைக் கொடுக்கப் போச்சி கட்டாயம் இல்லை. பேணியால் கொடுப்பது பிறந்த பிள்ளைக்கே முடியும். பிள்ளையைப் பாதி நிமிர்த்தி மடியில் வையுங்கள். பேணி விளிம்பு கீழ் உதட்டைத் தொட்டு நிற்கவேண்டும். பால் விளிம்பு வரை வரும் அளவுக்குச் சரியுங்கள். அவ்வளவுதான், ஊற்றக்கூடாது. கொஞ்ச நேரத்தில் நாக்கை நீட்டிப் பூனைக்குட்டி போல நக்கும். முதல் இரண்டு நாள் பாதி கழுத்தில் வழியும். கழுத்துக்குக் கீழே ஒரு துணி. என் மகளுக்கு மாமி இப்படித்தான் கொடுத்தார். மூன்றாம் நாள், பேணியைக் கண்டதும் வாயைத் திறந்தாள்.

படி 3: போச்சிதான் என்றால்

சில வீடுகளில் போச்சி தேவைப்படும். பால் போதாமல் இருக்கும், தாய்க்கு மருந்து நடக்கும், பார்த்துக்கொள்பவருக்குப் பேணி பழகாது. அதில் குற்ற உணர்வு வேண்டாம். கிளினிக்கில் கேட்டுவிட்டு வாங்குங்கள். கடைக்காரர் சொல்வதை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். பால்மா, போச்சி, சூப்பி இவற்றைத் தாய்மாருக்கு விளம்பரம் செய்து தள்ளக்கூடாது என்று உலக சுகாதார சபை 1981இலேயே கோவை வகுத்தது. இலங்கையிலும் அதற்கான கோவை உண்டு.

கடையில் நின்று பார்க்கவேண்டியவை:

அளவு. 120 மில்லிலீற்றர்ச் சின்னப் போச்சி பார்க்க ஆசையாக இருக்கும், மூன்று மாதத்தில் போதாமல் போய்விடும். நேரே 240 வாங்குங்கள். அதில் 60ம் ஊற்றலாம். அளவுக்கோடு அச்சடித்ததாக இல்லாமல் புடைத்து இருக்கட்டும். எங்கள் கல்லுத் தண்ணீரில் கொதிக்கக் கொதிக்க அச்சு மங்கி, பிறகு கண்மட்டத்தில்தான் அளக்க வேண்டிவரும்.

வாய். அகன்ற வாய் என்றால் உங்கள் கை விரல் உள்ளே போகும், கழுவச் சுகம். அதைவிட முக்கியம், அந்தப் போச்சிக்கு உரிய சூப்பி தனியாக இங்கே கிடைக்குமா என்பது. ஆஸ்பத்திரி வீதியில் இரண்டு மருந்துக்கடையில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் எவ்வளவு நல்ல போச்சியானாலும் மூன்று மாதத்துச் சாமான்தான்.

பொருள். பிளாஸ்ரிக் என்றால் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கிறதா பாருங்கள், அது பொலிபுரப்பிலீன். கண்ணாடி பாரம், விழுந்தால் உடையும், ஆனால் கீறு விழாது, மணம் பிடிக்காது, அடுத்த பிள்ளைக்கும் நிற்கும். எனக்குக் கண்ணாடிதான் பிடிக்கும். மூத்தவனுடைய 11இல் இன்னும் பாவிக்கக்கூடியதாக மிஞ்சிய இரண்டும் கண்ணாடிதான்.

சூப்பி. மெதுவாக ஓடுவதில் தொடங்குங்கள். போச்சியைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழவேண்டும். கோடாக ஓடினால் பிள்ளை திக்குமுக்காடும். பால் வரவில்லை என்று ஊசியால் ஓட்டையைப் பெரிதாக்கும் வேலை வேண்டவே வேண்டாம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இழுத்துப் பார்க்கும்போது வெடிப்புத் தெரிந்தால், ஊதியிருந்தால், ஒட்டினால் அன்றைக்கே.

எத்தனை? பகுதி நேரம் என்றால் 2. முழுக்கப் பால்மா என்றால் 4. பதினொன்று ஒருபோதும் இல்லை.

படி 4: தண்ணீரும் கழுவுதலும்

எங்கேயோ எழுதிய வழிகாட்டிகள் எங்களுக்குப் பொருந்தாமல் போகும் இடம் இது. யாழ்ப்பாணத்தின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அந்தக் கல்தான். பிள்ளைக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் போச்சியின் உள்ளே படிந்தால் பால் கொழுப்பு அதில் பிடித்துக்கொள்ளும். கிழமைக்கு ஒருமுறை தேசிக்காய்ப் புளி அல்லது வினாகிரி கலந்த தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, நன்றாக அலசினால் போய்விடும்.

உண்மையான சிக்கல் கண்ணுக்குத் தெரியாது. தோட்டத்துக்குப் போடும் உரமும் கிணற்றுக்குக் கிட்ட இருக்கும் மலகூடக் குழியும் சேர்ந்து, வலிகாமத்தில் பல கிணறுகளில் நைத்திரேற்று அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். 6 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குக் கூடிய நைத்திரேற்றுள்ள தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகும் திறன் குறைந்து உடல் நீலம் பூக்கக்கூடும். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். துணியில் வடித்தாலும் போகாது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இந்தப் பயம் இல்லை. பால்மா கொடுப்பதானால் மட்டும், உங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிப்பது பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். அதுவரை ஆர்.ஓ. (மெல்லிய சவ்வால் வடிக்கும்) முறையில் சுத்திகரித்த தண்ணீரை வாங்கி, அதையும் கொதிக்கவைத்துப் பாவியுங்கள். போச்சிக்குச் செலவழிக்கும் காசை இதில் செலவழிக்கலாம் என்பது என் கட்சி.

பால்மாத் தூளில் கிருமி இருக்கக்கூடும் என்பதால் தண்ணீர் 70 பாகைக்குக் குறையாமல் இருக்கும்போது கரைக்கச் சொல்கிறார்கள். கொதித்த ஒரு லீற்றர் தண்ணீரை அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆறவிடாமல் கரைத்தால் அந்தச் சூடு இருக்கும். கரைத்த பிறகு போச்சியைக் குளிர் தண்ணீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். நான் எவர்சில்வர் பேணியில் கரைத்து, ஆறிய பிறகுதான் போச்சியில் ஊற்றினேன். சூடான தண்ணீரைப் பிளாஸ்ரிக் போச்சியில் விட்டுக் குலுக்கும்போது நுண்பிளாஸ்ரிக் துகள் கூடுதலாக உதிர்கிறது என்று டப்ளின் ஆய்வாளர்கள் 2020இல் எழுதியிருந்தார்கள். கரைத்து 2 மணித்தியாலத்துக்குள் குடிக்காத பாலைக் கொட்டிவிடுங்கள். மனம் வராது, பால்மாப் பேணியின் விலை அப்படி. கொட்டுங்கள்.

கழுவும் ஒழுங்கு: முதலில் பச்சைத் தண்ணீரில் அலசல், பிறகு சவர்க்காரமும் போச்சிக்கென்றே தனியான பிரஷும், பிறகு மூடியுள்ள பானையில் எல்லாம் அமிழும்படி போட்டு 10 நிமிடம் கொதி. போச்சிக்குள் காற்றுக் குமிழ் நின்றால் அந்த இடம் வேகாது, சரித்து விடுங்கள். இடுக்கியால் எடுத்துத் துப்புரவான துணியில் கவிழ்த்து வைத்தால் தானாகக் காயும், துடைக்க வேண்டாம்.

படி 5: வெளிநாட்டுப் பெட்டி

என் அண்ணா ரொரன்ரோவிலிருந்து மின்சார ஸ்ரெரிலைசர் ஒன்று அனுப்பினார். பிளக் மாற்றி வாங்கிக் குத்தினேன். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, புகை, கருகல் மணம், வீட்டு மின்சாரமே நின்றது. குற்றம் முழுக்க என்னுடையது. கனடாவில் 120 வோல்ற், இங்கே 230. சூடாக்கும் சாமானுக்கு வோல்ற் இரட்டிப்பானால் அது இழுக்கும் மின்வலு நாலு மடங்குக்குக் கிட்டப் போகும். பிளக் மாற்றி வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ற்றைக் குறைக்காது. லண்டன், சுவிஸ், ஜேர்மனி, பிரான்ஸ் சாமான் என்றால் வோல்ற் பிரச்சினை இல்லை. அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 220–240 அல்லது 100–240 என்று இருக்கிறதா என்று வாசித்த பிறகே குத்துங்கள்.

பெட்டிக்குள் பழைய, கண்ணாடி போல் தெளிவான, கட்டியான பிளாஸ்ரிக் போச்சி இருந்தால் அடியைப் பாருங்கள். 7 என்று இருந்து, பி.பி.ஏ. (பிளாஸ்ரிக்கில் கலக்கும் ஒரு இரசாயனம்) இல்லை என்ற எழுத்தும் இல்லாவிட்டால் பாவிக்க வேண்டாம். பி.பி.ஏ. கலந்த பொலிகாபனேற்றுப் போச்சிகளைக் கனடா 2010இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2011இலும் தடை செய்தன. அதற்கு முந்தியவை அங்கத்தைய நிலவறைகளில் பத்திரமாக இருந்து, பாசத்தோடு இங்கே வந்து சேருகின்றன.

படி 6: சோறு தீத்தத் தொடங்கும்போது

6 மாதம் முடிய, பிள்ளை தலையை நேரே பிடித்து, கொஞ்சம் தாங்கினால் இருந்து, நீங்கள் சாப்பிடும் கையையே பார்த்துக்கொண்டிருந்தால் சோற்றுக்குத் தயார். வாங்கவேண்டியவை: எவர்சில்வர் கோப்பை ஒன்று, முனை மழுங்கிய சின்னக் கரண்டி இரண்டு, பேணி. பால் குடித்த அதே பேணியே இப்போது தண்ணீர் குடிக்கவும் ஆகும்.

அரைக்கும் மெஷின் வேண்டாம். கூழாக அரைத்துப் பழக்கினால் பிறகு கட்டி பட்டவுடன் ஓங்காளிக்கும். குழைய வெந்த சோறும் பருப்பும் பூசணிக்காயும் கரண்டிப் பின்பக்கத்தால் மசியும். முருங்கை இலையைப் பொடியாக அரிந்து அவித்தால் அதுவும். கரண்டியைக் கவிழ்த்தால் உடனே வழியாமல் ஒட்டி நிற்கும் பதம் போதும். ஒரு வயது வரை உப்பு, சீனி, தேன் இல்லை.

அடியில் உறிஞ்சிப் பிடிக்கும் சிலிக்கன் கோப்பை பற்றி: அது ரைல்ஸில் பிடிக்கும், சீமெந்து நிலத்திலும் மரத்திலும் பிடிக்காது. எங்கள் வீட்டில் சீமெந்து. மகள் அதைத் தூக்கி எறிய எடுத்த நேரம் எவர்சில்வர்க் கோப்பையை எறிய எடுத்ததை விடக் கூட இல்லை. மெலமைன் கோப்பையில் கொதிக்கக் கொதிக்க எதையும் ஊற்றாதீர்கள்.

கதிரை அவசியமில்லை. பாயில் இருத்தி, பின்னால் ஒருவர் காலை மடக்கி அணைத்திருந்தால் அதுவே கதிரை. எடுப்பதானால் பழையது போதும். இடுப்பும் கவட்டும் கட்டும் பட்டி அறாமல் இருக்கிறதா, கால்கள் இருக்கையை விட அகன்று நிற்கின்றனவா, ஆட்டினால் ஆணி ஆடுகிறதா என்று மூன்றைப் பாருங்கள். பட்டி கட்டாமல் ஒரு நிமிடமும் விடக்கூடாது.

மூக்கு வைத்த, சிந்தாத கப் எல்லோர் வீட்டிலும் வரும். அதைக் கண்டதும் பெரியப்பா "எங்கட மூக்குப்பேணியை லண்டன்காரன் பிளாஸ்ரிக்கில செய்திட்டான்" என்றார். பயணத்துக்குச் சரி. ஆனால் மூக்குக்குள் இருக்கும் ரப்பர்த் தக்கையைக் கழற்றிப் பாருங்கள். கறுப்பாகப் பூஞ்சணம் இருக்கும். கழற்ற முடியாததை வாங்கவேண்டாம். (பித்தளை மூக்குப்பேணியில் பிள்ளைக்கு அண்ணாந்து ஊற்றும் யோசனை யாருக்காவது வந்தால், அதுவும் வேண்டாம். புரையேறும்.)

படி 7: போச்சியை நிறுத்துவது

12 மாதத்தில் தொடங்கி 18க்குள் முடியுங்கள். பகல் போச்சியை முதலில் பேணிக்கு மாற்றுங்கள், கடைசியாக இரவுப் போச்சி. வாயில் போச்சியோடு ஏணையில் தூங்கும் பிள்ளைக்கு முன்பற்கள்தான் முதலில் போகும். பல்லுக் கொழுக்கட்டை கொட்டிக் கொண்டாடிய பல் இரண்டு வயதில் கறுப்பாகி நிற்பதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். மூத்தவனுக்கு நாங்கள் எடுத்தது 9 இரவு. அதில் 4 இரவு வீடே தூங்கவில்லை.

படி 8: மிஞ்சிய சாமான்

பிள்ளை ஒரு சாமானைக் கைவிட்ட அந்தக் கிழமையே முடிவெடுங்கள். மூன்று குவியல்.

வீசவேண்டியது: சூப்பி எல்லாம், பம்மின் உள் ரப்பர்களும் குழாயும், கீறுபட்டு மங்கிய பிளாஸ்ரிக் போச்சி, பூஞ்சணம் பிடித்த மூக்குக் கப். இவற்றை யாருக்கும் கொடுக்காதீர்கள், கேட்டாலும். முற்றம் கூட்டிய மாவிலைக் குவியலோடு போட்டுக் கொளுத்தவும் வேண்டாம். குப்பை எடுக்கும் சபை வண்டிக்குக் கொடுங்கள். இன்னொன்று: பழைய போச்சியில் மண்ணெண்ணெயோ தோட்டத்து மருந்தோ ஊற்றி வைக்காதீர்கள். அது பால் குடித்த போத்தல் என்று பிள்ளைக்கு ஞாபகம் இருக்கும்.

சக்கரம் வைத்த நடைவண்டியையும் இந்தக் குவியலில் போடுவேன். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. இங்கே இன்னும் பரிசாகக் கொடுக்கிறோம். படியில் உருண்டால் அரைநொடிதான்.

வைத்திருக்கவேண்டியது, அடுத்த பிள்ளை உண்டு என்றால் மட்டும்: கண்ணாடிப் போச்சி, எவர்சில்வர், கதிரை. காட்போட் பெட்டியில் வைத்தால் கறையானும் கரப்பானும் குடிவரும்; மாரிக்கு ஈரம் ஏறும். இறுக்க மூடும் பிளாஸ்ரிக் வாளியில், ஒவ்வொரு துணுக்கும் நன்றாகக் காய்ந்த பிறகு, மூடியைப் போச்சியில் பூட்டாமல் தனியே வையுங்கள். பூட்டி வைத்ததால்தான் என் பெட்டி அப்படி மணத்தது. வாளிக்கு மேலே மாதமும் ஆண்டும் எழுதி ஒட்டுங்கள். கழுத்துத்துணி, சட்டைகளுக்கு நடுவே காய்ந்த வேப்பிலை.

கொடுக்கவேண்டியது: மிச்சம் எல்லாம். சுகமாக வளர்ந்த பிள்ளையின் பழசைப் போட்டால் கண்ணூறு படாது என்று சொல்லும் ஊர் இது, கொடுப்பதற்கு வெட்கமில்லை. கழுவி, கொதிக்கவைத்து, போச்சி என்றால் புதுச் சூப்பியும் வாங்கிச் சேர்த்துக் கொடுங்கள். குறை இருந்தால் கொடுக்கும்போதே சொல்லுங்கள். நல்ல நிலையில் உள்ள பம் மோட்டார், கதிரை போன்ற விலைகூடிய சாமானை விற்பதிலும் தவறில்லை.

திரும்பி வேண்டும் என்றால் அதையும் கொடுக்கும்போதே சொல்லவேண்டும். நான் சொல்லவில்லை. மூத்தவனின் கதிரை கொக்குவிலில் ஒரு வீடு, கோண்டாவிலில் இரண்டு வீடு சுற்றி, மகளுக்கு 7 மாதம் நடக்கும்போது சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டி வந்து சேர்ந்தது. ஒரு பக்கப் பட்டி இல்லை. ஓடாவியார் பழைய பாடசாலைப் பையின் பட்டியை வெட்டி ஆணி அடித்துத் தந்தார். இந்தமுறை இருக்கைக்குக் கீழே மார்க்கரால் எங்கள் வீட்டுப் பெயரை எழுதிவைத்திருக்கிறேன்.